பதினேழு பேருக்கு மாமா

ஸ்டியரிங்கை முன்னால் பிடித்துக்கொண்டு காதைப் பின்னால் வைத்துக்கொள்வதுதான் ஸ்கூல் வேன் ஓட்டும் தொழில். லாரிக்காரருக்கு லோடு பேசாது. பஸ்காரருக்குக் கண்டக்டர் உண்டு. எங்களுக்கு லோடும் பேசும், கண்டக்டரும் கிடையாது. பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவையாவது ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரும் என் கட்சி. மற்றவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வது வீண் வேலை.

எண்பதுகளின் கடைசியில் ஆரம்பித்தேன். திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் பதினேழு பிள்ளைகளை ஏற்றி, பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பெற்றவர்கள் இருவரும் எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போயிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி மல்லிகா செக்கிங்கில் இருந்தாள். காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வருவாள். எங்களுக்கு ஒரே பெண், சுகந்தி. பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒன்றரை வயதில் அவளைக் கணியூரில் என் அக்கா வீட்டில் விட்டோம். ஒரு வருடம் மட்டும் என்றுதான் பேச்சு. நாலு வருடம் ஆயிற்று. ஊரார் பிள்ளைகளை எல்லாம் ஏற்றி இறக்கும்போது அவளும் இந்த வேனில் வர வேண்டும் என்று ஏங்கியதுதான் அந்த நாலு வருடமும் நான் செய்த உருப்படியான வேலை.

முன் சீட்டு

என் பக்கத்து சீட்டில் எந்தப் பிள்ளையும் உட்காரக்கூடாது என்பது முதல் நாளே நான் போட்ட சட்டம். முன்னால் இருப்பது கண்ணாடி. பிரேக் போட்டால் பிள்ளை நேராக அதில் போய்த்தான் முட்டும். அந்தக் காலத்தில் வேனில் பெல்ட்டும் கிடையாது, ஏன் இல்லை என்று கேட்பாரும் கிடையாது. பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தைப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. அப்பன்மார்களுக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஒரு கட்டிங் மாஸ்டர். மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பையன் அவருக்கு. யூகேஜி. பையனைத் தூக்கி நேராக முன் சீட்டில் வைத்துவிட்டார். நான் இறக்கினேன். அவர் ஏற்றினார். பிறகு அவரைத் தனியாக அழைத்து, கண்ணாடியைக் காட்டி, பையனின் நெற்றியைக் காட்டி, பொறுமையாகச் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டார் என்றே நினைத்தேன். கடைசியில் சொன்னார்:

"நீங்க சொல்றது ஞாயந்தானுங்க. ஆனா எங்கூட்டுப் பையன் பின்னால உக்காந்துட்டுப் போனா, நாளைக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்?"

எலாஸ்டிக்

பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்தாலும் பிரேக் போடும்போது முன்னால்தான் வருகிறார்கள். ஏதாவது வைத்துக் கட்ட வேண்டும் என்று தோன்றியது. வெளியூரில் ஒருவனுக்கு இப்படித் தோன்றினால் கயிற்றைத் தேடியிருப்பான். நான் திருப்பூர்க்காரன், எனக்கு எலாஸ்டிக்தான் ஞாபகம் வந்தது. இடுப்புப் பட்டிக்குப் போடுகிற அகலமான எலாஸ்டிக், கழிவில் போன ரோல், வேஸ்ட் வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் தன் கடையில் சும்மாவே கொடுத்தார். ஒவ்வொரு சீட்டுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, பிள்ளைகளின் வயிற்றுக்கு நேராக இழுத்துக் கட்டினேன். பார்க்கவும் அழகாக இருந்தது. எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். மூன்று சீட்டுப் பிள்ளைகளும் மொத்தமாக முன்னால் போய், முன்னால் இருந்த சீட்டின் முதுகைத் தொட்டுவிட்டு, மொத்தமாகப் பின்னால் வந்து விழுந்தார்கள். நான் உயிர் போனவனாகத் திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்துவிட்டது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அன்று சாயங்காலம் வீடு போகும்வரை "மாமா, இன்னொருக்கா பிரேக் போடுங்க" என்று ஒரே கெஞ்சல்.

பாய் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய், துணிப் பேல் கட்டுகிற தடித்த நாடாவை எடுத்து வந்து, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடவும் சொல்லிக் கொடுத்தார். அவசரத்துக்குப் பிள்ளைகளை இறக்க வேண்டுமே என்பதையும் அவர்தான் யோசித்தார். நாடாவை என் கையில் கொடுக்கும்போது சொன்னார்:

"எலாஸ்டிக்கு ஜட்டியத்தான் புடிச்சு நிறுத்துமுங்க. புள்ளையப் புடிச்சு நிறுத்தாது."

ஆறு, ஆறு, ஐந்து

முதல் சீட்டில் ஆறு, நடுவில் ஆறு, கடைசியில் ஐந்து. கடைசி சீட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு இடம் எப்போதும் காலி. அதைக் கேட்டு வராதவர்கள் இல்லை. மற்ற வேன்களில் மடிமேல் மடியாக முப்பது பேர் போகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன என்று சண்டைக்கு வந்தார்கள். டயர் தாங்காது என்றேன். பள்ளிக்கூடத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று கூடுதலாக ஏறினால் எந்த டயர் தாங்காது? அது சுகந்தியின் இடம். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

மல்லிகாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு அப்போது கம்பெனியில் குழந்தைகள் உடுப்பு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வயது சைஸ், மூன்று வயது சைஸ் என்று நாளெல்லாம் கையில் தூக்கிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று செக் பண்ணுவாள். வேனில் இடம் வைத்திருக்கிறேன் என்றதும் அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ சொன்னாள்:

"சைஸ் மாறி மாறி வர்றப்பெல்லாம் ஒண்ண நம்ம புள்ளைக்கு வச்சுப் பாக்கறனுங்க. போன மாசம் வரைக்கும் நாலு வயசு சைஸ்னு நெனச்சேன். இப்பப் பத்துமோ என்னமோ தெரியலீங்க."

வீடு மாறிய அன்று

கையில் வாங்க ஆள் இல்லாத வாசலில் பிள்ளையை இறக்குவதில்லை என்பது என் இன்னொரு சட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒரு அம்மா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை, பீஸுக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆறு வயதுப் பையனோடு ஒரு சாயங்காலம் அவர்கள் லைனுக்குப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. பூட்டும் புதுப்பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால், மத்தியானம் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு காலி பண்ணிவிட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள். பையன் என்னைப் பார்க்கிறான், நான் பையனைப் பார்க்கிறேன்.

மற்ற பிள்ளைகளை இறக்கிவிட்டு, அவனை நாடாவால் கட்டி நடு சீட்டில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். அவன் அழவில்லை. ஒவ்வொரு லைனுக்கும் எட்டிப் பார்த்து, "இது எங்க வீடா மாமா?" என்று கேட்டான். எந்த வாசலையும் தன் வீடாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தான். ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மாவே எதிரில் ஓடி வந்தார், இடுப்பில் குழந்தையோடு, செருப்புகூட இல்லாமல். பையனைக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஒரு மணி நேரத்துக்கே ஒருத்தி இப்படி அழுகிறாள், நீ நாலு வருடமாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாய் என்று உள்ளே ஒன்று கேட்டது. அந்த அம்மாவே கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வீடு மாறுதத இவன்கிட்டயே சொல்லல அண்ணாச்சி. உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

ஞாயிற்றுக்கிழமை டூட்டி

அந்த வாரமே மல்லிகாவும் நானும் பேசி முடித்தோம். அவள் ஒன்றரை ஷிப்ட்டை விட்டு ஒரு ஷிப்ட்டுக்கு மாறுவது, சுகந்தியைக் கூட்டிவந்து பள்ளியில் சேர்ப்பது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கணியூருக்குப் பஸ் ஏறினோம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அக்காவுக்கு இரண்டு பையன்கள். அவர்கள் என்னை மாமா என்பார்கள், மல்லிகாவை அத்தை என்பார்கள். முறை அதுதான். அவர்களோடு வளர்ந்த சுகந்தியும் அப்படியே பிடித்துக்கொண்டாள். அக்காதான் அவளுக்கு அம்மா. மாதம் ஒரு தடவை மிட்டாய் வாங்கி வருகிற நான் மாமா, தலை பின்னிவிடுகிற மல்லிகா அத்தை. அக்கா எத்தனையோ தடவை திருத்தினாள். குழந்தை அந்த நேரத்துக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிடமே "மாமா, பலூன் ஊதிக் குடுங்க" என்று வந்து நிற்கும். வாரத்தில் ஆறு நாள் வேனில் பதினேழு பேருக்கு மாமா. ஏழாம் நாள் போனால் சொந்தப் பெண்ணுக்கும் மாமா. "உனக்கு ஞாயித்துக்கெழமையும் டூட்டிதான்" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். திரும்பி வரும் பஸ்ஸில் சிரிப்பு வராது. அப்பா என்கிற வார்த்தையை அவள் வாயால் ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருக்கும்.

கிளம்பும்போது சுகந்தி அழுதாள், அக்கா அழவில்லை. பையில் துணியை அடுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டாள், இடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்த வேண்டும். கடைசியாக ஒரு எலுமிச்சம்பழத்தை என் சட்டைப் பையில் போட்டாள். ஊர்ப் பிள்ளைகளில் யார் யாருக்கு எந்த வளைவில் குமட்டும் என்று அத்துப்படியாக வைத்திருந்தவன் நான். என்னிடம் அவள் சொன்னாள்:

"வண்டியேறுனா இவளுக்கு வாந்தி வருமப்பா சாமி. உனக்கெப்படித் தெரியும், நீ பாத்ததில்லையே."

பதினெட்டு

ஜூன் மாதம் சுகந்தி வேனில் ஏறினாள். நேராக முன் சீட்டுக்கு வந்தாள். எனக்கும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்ட ஆசைதான், அதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். ஆனால் பின்னால் இருந்து முப்பத்து நாலு கண்கள் பார்க்கின்றன. சட்டம் போட்டவன் நான். அவளைத் தூக்கிக் கடைசி சீட்டில், ஜன்னல் ஓரத்தில் வைத்து, நாடாவைக் கட்டிவிட்டு வந்தேன். கண்ணாடியில் பார்த்தால் அவளுடைய ரிப்பன் மட்டும் தெரிந்தது. முதல் வாரம் முழுக்க அந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினேன். மாமா என்றுதான் கூப்பிட்டாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், வேண்டியதைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், சாயப்பட்டறைத் திருப்பத்தில் முன்னால் போன மொபெட்டிலிருந்து துணி மூட்டை அவிழ்ந்து ரோட்டில் விழுந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தும் தப்ப முடியாமல், முழு பிரேக் போட்டேன். பின்னால் வந்த லாரி எங்களை ஒட்டி வந்து நின்றது. நாடா பிடித்துக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் இறங்கி, பின்கதவைத் திறந்து, ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தலையைத் தொட்டுப் பார்த்து, அடிபட்டதா என்று கேட்டேன். வருடக்கணக்காக அதே வரிசையில் எண்ணிப் பழகிய வாய். பதினேழு வந்ததும் தானாக நின்றது. கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.

எல்லாரையும் இறக்கியபின் வேனில் அவள் மட்டும் இருந்தாள். எங்கள் லைன் முன்னால் நிறுத்தி, நாடாவை அவிழ்க்கப் போனேன். அவள் நாடாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவிழ்க்க விடவில்லை. தப்பு என்ன என்று எனக்கு அப்போதுகூட உறைக்கவில்லை. ஏன் கண்ணு, வாந்தி வருகிறதா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எல்லாத்துகிட்டயும் அடிபட்டுச்சான்னு கேட்டீங்க, எங்கிட்ட மட்டும் ஏனுங்க அப்பா கேக்கல?"

நல்ல டிரைவர் என்று பேர் வாங்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. அப்பா என்கிற பேர், அந்த நல்ல டிரைவர் மேல் கொடுத்த புகாராகத்தான் வந்து சேர்ந்தது.