சூரியநெல்லியில் குளிர் அளந்த கதை

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எழுதுவதற்கு உட்கார வேண்டும். உட்காருவது எனக்கு ஆகாது. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அதனால்தான். ஆனால் சூரியநெல்லிக்குக் குளிரை அளக்கவென்றே போனவன் நம் பக்கத்தில் வேறு எவனும் இல்லை.

எழுபத்துநாலு டிசம்பர். காலை ஆறரை மணிக்கு பொள்ளாச்சிப் பக்கத்துக் கோபாலபுரம் செக்போஸ்ட். நான் கூரை வேலை கான்ட்ராக்டரிடம் ஆள். கூட வந்தவர் கல்பாத்திக்கார இன்ஜினியர். தேயிலை எஸ்டேட் கூலியாட்கள் குடியிருக்கும் லயங்களில் தகரக் கூரைக்கு அடியில் பலகை அடித்தால் விறகு மிச்சமாகுமா என்று அளந்து சொல்வது அவர் வேலை. தெர்மாமீட்டர் பெட்டியை உடைக்காமல் சுமப்பது என் வேலை.

“பெட்டீல என்னடா?” என்றார் செக்போஸ்ட்காரர்.

“குளிரு அளக்கற குச்சிங்க.”

“கோபாலபுரத்துல ஏதுடா குளிரு?”

“அதானுங்க, இருக்கற ஊருக்குப் போறோம்.”

பொள்ளாச்சிக்கு டிக்கெட் அறுபது பைசா. அங்கிருந்து உடுமலை, உடுமலையில் மூணாறு பஸ். மறையூர் வருவதற்குள் நான்கு இடம் மாறி உட்கார்ந்துவிட்டேன்.

“பெட்டியை மடியில வெச்சுண்டு சித்த சும்மா இரேன்டா” என்றார் இன்ஜினியர்.

“சும்மா இருந்தா குளிருதுங்க சார்.”

மூணாறிலிருந்து எஸ்டேட் லாரி. இருட்டும் நேரத்தில் சூரியநெல்லி. ஒரே தகரத்தின் கீழ் வரிசையாக வீடுகள். அளக்கக் குறித்திருந்தது கொழுந்து பறிக்கும் சவரியம்மாள் வீடு. அவள் இடுப்பில் இருந்த பெண்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

“விடியக்காலம் தகரம் வேர்த்துப் பாயில சொட்டும் தம்பி. பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்கு. பலகை வந்தாத்தான் தேறுவா” என்றாள்.

“தினமும் இருக்கறாப்பலயே இருங்கோ. விடியறதுக்குள்ள வந்து அளக்கறோம்” என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் என்னைக் கூட்டிக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் போனார்.

காலை ஐந்தரை. வெளியே ஆறு டிகிரி. சவரியம்மாள் வீட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல். அடுப்பு திகுதிகுவென்று எரிகிறது. பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் உள்ளே. ஆளுக்கொரு டம்ளர் காப்பி. உள்ளே இருபத்தொன்று.

“வீடு நன்னா கதகதன்னு இருக்கே! பலகை எதுக்கு?” என்று இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். சவரியம்மாளின் சிரிப்பு அப்படியே நின்றது.

என்னால் வாயை மூட முடியவில்லை. “ஏனக்கா, தெனமும் இத்தன வெறகா எரிப்பீங்க?”

“நாலு வீட்டு விறகு தம்பி. வந்தவுகள வெறைக்க விடலாமா? லயத்துல நாளைக்கு என்ன பேசுவாக?”

“இன்னைக்கு நல்ல பேரு வாங்கினீங்கன்னா வருசம் பூரா புள்ள நனையோணுமுங்க.”

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு கொள்ளிகளை இழுத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். “எல்லாரும் வெளிய போங்க. சார், நீங்களும்தான்.” பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஓடி வந்து தன் பூப்போட்ட கம்பளியை இன்ஜினியர் தோளில் போர்த்தினாள்.

ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் லயத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். “கல்யாணப் பொண்ணாட்ட இருக்கீங்க சார்” என்றேன். இன்ஜினியருக்குத் திட்டக்கூடப் பல் ஒட்டவில்லை.

கதவைத் திறந்தோம். உள்ளே ஒன்பது டிகிரி. இத்தனை பேர் விட்ட மூச்சும் அடுப்பு ஆவியும் தகரத்தில் முத்துமுத்தாக நின்றன. ஒரு சொட்டு இன்ஜினியரின் வழுக்கையில் விழுந்தது. அடுத்தது தாளில். அவர் அண்ணாந்து பார்த்தார். ஈரத்தைத் துடைத்துவிட்டு, ‘பலகை கட்டாயம் வேண்டும்’ என்று எழுதினார்.

எட்டு மணிக்கு லாரி. பலகை வரப்போகிறது என்ற சந்தோஷத்தைவிட, “இன்னொரு வாய் காப்பி இல்லாமப் போறீகளே” என்ற வருத்தம்தான் சவரியம்மாள் முகத்தில் பெரிதாக இருந்தது. லாரி வளைவு திரும்பும்வரை கதவை விட்டு நகரவில்லை.

மலை இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன், சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். நம்மூரில் கூரை செய்யும் கொடுமை நேர்மாறு. கஞ்சிக்கோட்டில் ஃபேக்டரி வேலைக்குப் போகும் என் சிநேகிதன் பழனிச்சாமி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழ்தான் குடியிருக்கிறான். மறுநாள் மத்தியான வெயிலில் அவன் வீட்டு வாசலில் நின்றபடியே முழுக்கதையும் சொன்னேன். அவன் கூரையை ஒரு பார்வை பார்த்தான்.

“அந்தக் குச்சிய நம்மூட்டுக்கும் ஒருக்கா கொண்டாடா, ஆனா மோரு மட்டும் கேட்டுப்போடாத, அந்தக்கா அடுப்பாட்ட அதுவும் அளவக் கெடுத்துப்போடும்.”