கேஸ் கிரில்லில் கொஞ்சம் புகை

ஜிலேபி மீனின் ஒரு துண்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, மாமனார் அதை அப்படியே தட்டில் திரும்ப வைத்தார். எங்கள் மொட்டை மாடிக்குப் புது கேஸ் கிரில் வந்த முதல் ஞாயிறு அது. “கரியில சுட்டாத்தான் அது சுட்ட மீனு. இது வெறுமனே வெந்திருக்குதும்மா” என்றார். ஒகேனக்கல் வரை பஸ்ஸில் போய் மீன் வாங்கிவந்த என் கணவர் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பது அவருக்குக் கைவந்த கலை.

அத்தை காலமான பிறகு, பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த மாமனாரைத் தருமபுரிக்கு அழைத்து வந்திருந்தோம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மனிதர். சாப்பாடு பிடிக்காத நாளெல்லாம், “நான் நம்ம வூட்டுக்கே போயிடறேன். அங்க அடுப்பாவது இருக்குது” என்பார். அங்கே நெஞ்சு வலித்தால் கூப்பிட ஆளில்லை. இங்கே கரி மூட்டலாமென்றால் என் மூன்று வயது மகனுக்கு வீசிங். வீட்டில் புகையே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தலைக்கு ஊற்றியபின் அவனுக்குச் சாம்பிராணி காட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தோம். இவருக்குப் புகை வேண்டும், அவனுக்குப் புகை ஆகாது. நடுவில் நான், கையில் இடுக்கியோடு.

கிரில் மூடிக்குள்ளேயே அடங்குகிற மாதிரி கொஞ்சமாகப் புகை போடலாம் என்ற ஏதோ வீடியோவை நம்பி, கொட்டாங்குச்சித் துண்டுகளை ஊறவைத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, ஓட்டை போட்டு பர்னர் மேல் வைத்தேன். இட்லிப் பானை மாதிரி ஆவிதான் வந்தது. அடுத்த ஞாயிறு, பூஜை அலமாரியில் மிச்சமிருந்த கப் சாம்பிராணியும் கரிதானே என்று தோன்ற, ஒன்றைப் பற்றவைத்து மீனோடு வைத்து மூடினேன். திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமனார் ஒரு வாய் வைத்தார். “ஏம்மா, மீனுக்குத் தலைக்கு ஊத்தி விட்டியா?” என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

நன்றாகக் காய்ந்த கொட்டாங்குச்சியை ஊறவைக்காமல், ஒரு கைப்பிடி மட்டும் பொதிந்து, தீயைத் தணித்து, மூடியைத் திறந்து திறந்து பார்க்காமல் விட்டபோதுதான் சரியாக வந்தது. மகனைக் கீழே அறையில் அவன் அப்பாவோடு விட்டு, ஜன்னலையும் அடைத்திருந்தேன். இது போதுமா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோ என்று மனசு அடித்துக்கொண்டேயிருந்தது. மாமனார் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினார். “இதாம்மா” என்றார். அப்போது கீழேயிருந்து இருமல் கேட்டது.

நான் எழுவதற்குள் அவர் எழுந்துவிட்டார். கேஸை மூடினார். புகைந்துகொண்டிருந்த பொதியை இடுக்கியால் எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டார். “நீ போயி பையனப் பாரு” என்றார். நான் நெபுலைசரை மகன் முகத்தில் வைத்துப் பிடித்திருந்த நேரமெல்லாம், கையைக்கூடக் கழுவாமல் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, “மேலெல்லாம் பொகை வாசம்மா” என்றார்.

அதன்பின் நான் புகை போடுவதில்லை. ஊருக்குப் போகிறேன் என்று அவரும் சொல்வதில்லை. வைத்ததைச் சாப்பிடுகிறார். எப்படியிருக்கிறது மாமா என்று கேட்டால் “நல்லா இருக்குதும்மா” என்கிறார். பாதி மீன் தட்டிலேயே இருக்கிறது. எனக்கு எரிச்சலாக வருகிறது. குறை சொன்னால் வேறு வழி ஏதாவது தேடலாம். நல்லா இருக்குது என்பவருக்கு நான் என்னதான் சமைப்பது?