எனக்கு மட்டும் தெரிந்த எதுகை

வதனி பாட்டைத் திருடினாள் என்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னவள் நான்தான். அவள் திருடவில்லை. அது தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை!

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஜெர்மனியின் கொலோன் நகரில் இருவரும் ஜெர்மன் இலக்கியம் படித்தோம். நான் இங்கேயே பிறந்தவள். அவளோ பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு வகுப்புக்கு ஓடி வருவாள்.

இடைக்கால ஜெர்மன் காதற்பாட்டின் யாப்பை நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். ஒரே அளவும் ஒரே இயைபும் கொண்ட இரண்டு பகுதிகள்; பிறகு வேறு நடையில் ஒரு முடிப்பு. அப்படி இன்றைய ஜெர்மனில் ஆளுக்கொரு பாட்டு எழுதச் சொன்னார் பேராசிரியர். இரண்டு வாரம் மண்டையை உடைத்தும் என் பாட்டு நொண்டியது. அவளுடையதைக் கேட்டதும் வகுப்பே மேசையைத் தட்டிப் பாராட்டியது.

இவளுக்கு எப்படி...? வேலை செய்யும் இடத்தில் எவனாவது எழுதிக் கொடுத்தானா? எந்தப் பழைய புத்தகத்தில் சுட்டாள்? அவள் சிரித்தாலும் சந்தேகம், பேசாமல் இருந்தாலும் சந்தேகம்! மூன்றாம் நாள், “இதை எங்கோ வாசித்த நினைவு” என்று பேராசிரியர் காதில் போட்டுவிட்டேன். பச்சைப் பொய்.

அவர் அவளை அழைத்தார்; யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை. துணைக்கு அவள் என்னையே கூட்டிப்போனாள்.

“அக்கா, நான் களவெடுக்கேல்லை. நீங்களாவது ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.”

தாளை வாங்கினேன்... அந்த யாப்பு வரியின் கடைசியில்தான் ஒலியைப் பொருத்தச் சொல்கிறது. இவள் தொடக்கத்திலும் பொருத்தியிருந்தாள். ஒரு வரி காலையைக் குறிக்கும் ‘மோர்கன்’ என்று தொடங்கினால் அடுத்தது கவலைகளைக் குறிக்கும் ‘சோர்கன்’. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நானும் படித்த, இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் நம்முடைய எதுகை, பாட்டு முழுவதும்! தமிழ் படித்த கையல்லாமல் வேறு எந்தக் கை அப்படி எழுதும்? அந்த அறையில் அதைக் கண்டுகொள்ளக்கூடியவள் நான் ஒருத்திதான்.

“நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்றார் பேராசிரியர்.

“தெரியவில்லை” என்றேன்.

அவர் பாட்டை ஏற்கவில்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் வதனி படிப்பையே விட்டுவிட்டாள்.

ஏன் செய்தேன்? பொறாமை என்று சொன்னால் அது பாதிதான். துப்புரவுக்குப் போகிற நம்மவள் ஒருத்தியால் இது முடியாது என்று நானே நம்பியிருந்தேன்... அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

போன மாதம் தமிழ்க் கடையில் அவளைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று கிட்டப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

“அக்கா, அண்டைக்கு நீங்கள் மட்டும்தான் என்னோட வந்தனீங்கள். அதை நான் மறக்கேல்லை.”

“ஓம்” என்று தலையாட்டினேன்.