புரட்டாசியில் லெவல் ஏறுவது

புதிதாக வருகிறவர்கள் முதலில் பன்றியைத்தான் அடிக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் ஓநாய் நிற்கும். அதன் பெயர் சிவப்பு எழுத்தில் தெரியும். சிவப்பில் தெரிகிற எதையும் கிட்டே போய்த் தொடக் கூடாது. அடி பட்டுவிட்டால் ஓடக் கூடாது, ஒரு ஓரமாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால் உயிர் தானாக ஏறும். இதையெல்லாம் நான் பல மாதங்கள் முகம் தெரியாத பெண்களுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு கடுதாசி ஒழுங்காக எழுதாதவள் நான். எனக்கு இது எப்படி வந்தது என்று இப்போதும் விளங்கவில்லை.

அது செல்போனில் ஆடுகிற விளையாட்டு. வாள், மந்திரம், கோட்டை, பூதம் எல்லாம் உண்டு. எங்கெங்கோ நாடுகளில் இருப்பவர்கள் ஒரே காட்டுக்குள் வந்து சுற்றுவார்கள். எனக்கு அதில் துளியும் ஆசை கிடையாது. என் கணவர் துபாயில் ஏசி குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து வரவேண்டியவர் வரவில்லை, வேறு கம்பெனிக்கு மாறிவிட்டதாக மெசேஜ் மட்டும் வந்தது. பழைய இடத்தில் இருந்தபோது வாரம் ஒரு தடவை போன் செய்வார். புது இடத்துக்குப் போனதும் அது நின்றுபோனது. கம்பெனி கொடுத்த சிம்மில் இந்தியாவுக்குப் பேச முடியாது என்றார். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அந்த நாட்டில் போகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே நானும் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

“துன்னியா?” என்று மெசேஜ் வரும். “துன்னேன்” என்று போடுவேன். “எப்ப வர்றே மாமா?” என்று கேட்டால் மட்டும் பதில் வராது. குரலைப் பதிவு செய்து அனுப்பிக் கேட்டேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்டால் கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் அவரே ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

“அதெல்லாம் மெசேஜ்ல பேசுற விஷயமா? நாங்க ரூம்ல ஒரு கேம் ஆடிக்கினு இருக்கோம். அதுல இருவதாவது லெவல் வந்துட்டா வாய்ஸ் தொறக்கும். நேரா பேசலாம், யாரும் தடுக்க முடியாது. நீயும் ஏத்திக்கினு வா. எல்லாத்தையும் பேசிக்கலாம்.”

சரி என்று ஏற ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே கேள்வியை நேராகக் கேட்பது. எழுத்தில் கேட்டால் நழுவிவிடலாம். காதோடு காதாகக் கேட்டால் ஏதாவது ஒன்று சொல்லித்தானே ஆகவேண்டும்?

எங்கள் ஊர் ஆந்திர எல்லைக்குள், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில். எனக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. செல்போனுக்குள் போகிற பலகையை மாட்டிப் பார்த்து, பச்சை விளக்கு எரிந்தால் இந்தப் பக்கமும் எரியாவிட்டால் அந்தப் பக்கமும் வைக்க வேண்டும். நாள் முழுக்க போன் பலகையைப் பிடித்திருப்பேன். என் சொந்த போன் வாசலில் பெட்டிக்குள் கிடக்கும். ஆகவே எனக்கு ஆடக் கிடைத்தது கம்பெனி பஸ்ஸில் போகிற நேரமும் வருகிற நேரமும்தான். காட்டோரமாகப் போகும்போது கொஞ்ச தூரம் சிக்னல் இருக்காது. அந்த நேரம் பார்த்துப் பன்றி என்னை முட்டிச் சாகடித்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்கள் தூங்குவார்கள், நான் மட்டும் செத்துச் செத்து எழுந்துகொண்டிருப்பேன்.

வீட்டில் மாமியாருக்கு நான் போனைக் கையில் எடுத்தாலே மகனோடு பேசுகிறேன் என்று நினைப்பு.

“இன்னா சொல்றான் என் புள்ள?” என்று கேட்பார்.

“பன்னி அடிக்கச் சொல்றாரு அத்தே.”

“துபாய்ல ஏதுடி பன்னி?” என்று கேட்டுவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

பத்தாவது லெவலில், என் கணவரும் அவர் ரூம்காரர்களும் சேர்ந்து ஆடுகிற கூட்டணியில் சேர்ந்தேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். வெள்ளி நிறத்தில் தோள் வரை முடி, முதுகில் ஆளுயர வாள். நேரில் அவருக்கு நடுமண்டையில் முடி கொட்டி வருடங்கள் ஆகின்றன. மூன்று வருடத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம், ஒரு பாலத்தின் மேல். எனக்கு ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எழுதுகிற கட்டத்தில் “எப்ப வர்றே” என்று அடித்தேன். அவர் என் காலடியில் நான்கு மருந்துக் குப்பிகளைப் போட்டார். “எடுத்துக்கோ, ஓநாய்க்கு உதவும்” என்று எழுதிவிட்டுக் கோட்டைப் பக்கமாக ஓடிவிட்டார்.

அவரோடு தங்கியிருந்த மற்றவர்களும் தங்கள் மனைவிகளை ஒவ்வொருத்தியாகச் சேர்த்துவிட்டார்கள். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவேன். கத்தியை விற்காதே. லெவல் ஏறும்போது கிடைக்கிற புள்ளியை மந்திரத்துக்கும் பலத்துக்கும் பிரித்துப் போடாதே, ஒன்றிலேயே போடு. தெரியாதவன் சண்டைக்குக் கூப்பிட்டால் போகாதே. எல்லாரும் என்னைப் போலத்தான், புருஷன் குரலைக் கேட்க இருபதாம் லெவலுக்கு ஏறுகிறார்கள் என்று நினைத்து, ரொம்பவும் பொறுப்பாக எழுதினேன்.

அவர்களில் ஒருத்தி கங்காதர நெல்லூர்க்காரி. என்னைவிடச் சின்னவள், வாயாடி. நான் பதினெட்டுக்கு வந்திருந்தபோது புரட்டாசி பிறந்தது. அந்த லெவலில் மானைக் கொன்றுதான் ஏற வேண்டும். அவள் எனக்கு எழுதினாள்: “அக்கா, பெருமாள் மாசம். வாய்ல கறி வெக்க மாட்டோம். இதுல மட்டும் மானைக் கொல்லலாமா?”

படித்துவிட்டுப் பஸ்ஸிலேயே சிரித்தேன். படத்தில் இருக்கிற மான்தானே. ஆனால் அடுத்த மான் முன்னால் வந்து நின்றபோது எனக்குக் கை வரவில்லை. நாமம் போட்ட சொம்பு வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது, காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன். அன்று ஒன்றையும் அடிக்காமலே இறங்கினேன். அவரிடம் இதைச் சொன்னபோது “பைத்தியமா நீ, அது பொம்மை. ஒரு மாசம் வேஸ்ட் ஆயிடும்” என்று எழுதினார். மூன்று வருடம் போனதைப் பற்றி எழுதாதவர், ஒரு மாதத்தைப் பற்றி எழுதியது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

கொல்லாமலும் ஏறலாம் என்று கண்டுபிடித்தேன். கிழங்கு பிடுங்கி வைத்தியனிடம் கொடுத்தால் கொஞ்சம் ஏறும். ஒரு ஊர்த் தலைவன் கொடுக்கிற ஓலையை அடுத்த ஊரில் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். பத்து மானில் கிடைப்பதற்கு நாற்பது கிழங்கு வேண்டும். மான்கள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும், நான் அவற்றுக்கு நடுவில் குனிந்து குனிந்து கிழங்கு பிடுங்குவேன். பெண்கள் எல்லாருக்கும் இதை எழுதி அனுப்பினேன். புரட்டாசி முழுக்க எங்கள் கூட்டணியில் ஒரு பெண்ணும் ஒரு பிராணியையும் தொடவில்லை. வேறு நாட்டுக்காரன் ஒருவன் எங்கள் கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் என்ன காய்கறிக் கடையா என்று கேட்டுவிட்டுப் போனான். அப்படியே பத்தொன்பதுக்கு வந்து சேர்ந்தேன்.

கங்காதர நெல்லூர்க்காரிக்கு மலைக்கு நடந்து ஏறுவதாக வேண்டுதல் இருந்தது. “நீயும் வாக்கா, நேர்ல பாத்த மாதிரியும் ஆச்சு” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புத்தூர் வழியாகத் திருப்பதி போனேன். பஸ் ஸ்டாண்டில் அவளே என்னைக் கண்டுபிடித்தாள். மலையடிவாரத்தில் அலிபிரியில் செருப்பை விட்டுவிட்டு ஏறினோம். அவள் படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாள், வைக்கும்போதும் பேசிக்கொண்டே வந்தாள். பெரிய கோபுரம் தாண்டிப் பாதை சமமானதும் மான் பூங்கா வருகிறது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நிஜ மான்கள். “பாருக்கா, இது இன்னா லெவல் இருக்கும்?” என்று கேட்டு அவளே சிரித்தாள். இடுப்பு வலிக்கிறது என்று இரண்டு பேரும் கட்டைச் சுவர் மேல் உட்கார்ந்தோம்.

அப்போது அவள் போன் அடித்தது. திரையில் துபாய் நம்பர்.

“சொல்லு மாமா. ஏறிக்கினு இருக்கோம். ம், அக்காவும்தான்.” மாமனார் கண் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாள். போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டதைச் சொன்னாள். அவன் ஏதோ சொல்ல, “அவுனா?” என்று தெலுங்கில் வியந்தாள். பொறுமையாக, அடுத்த தெருவில் இருப்பவனிடம் பேசுவதுபோல் பேசினாள். நான் மான்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று வரை எண்ணினேன்.

“இது எந்த ஆப்பு?” என்று மெல்லக் கேட்டேன்.

போனைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள். “ஆப்பு இல்லக்கா, சாதா போனு. அங்க கடையில கார்டு விக்கிறாங்களாம், அத வாங்கிப் போட்டுப் பேசுவாரு. ஞாயித்திக்கெழம ஆனா தப்பாது.”

“கம்பெனி சிம்முல பேச முடியாதுன்னாரே?”

“ரூமுல எல்லாரும் பேசுறாங்களேக்கா.”

“அப்ப நீ எதுக்கு லெவல் ஏத்திக்கினு இருக்கே?”

“சும்மாதான். அவரு ஆடுறாரேன்னு நானும் ஆடுறேன்.” என் முகத்தைப் பார்த்தாள். “உனுக்குப் போனே வர்றதில்லையா?”

நான் பதில் சொல்வதற்குள் அவள் போனை மறுபடி காதில் வைத்துவிட்டாள். “மாமா, அண்ணன் அங்க இருக்காரா? … கட்டில்லதான் படுத்துக்கினு இருக்காராம்க்கா, கேம் ஆடிக்கினு. மாமா, அவர்கிட்ட குடு, அக்கா பேசணுமாம்.”

போனை என் கையில் திணித்தாள். உள்ளே மின்விசிறிச் சத்தம் கேட்டது. வாள் மோதுகிற சத்தம் கேட்டது, அது எனக்குப் பழகின சத்தம். “அண்ணா, அண்ணி லைன்ல இருக்காங்க” என்று அவள் கணவன் சொல்வது கேட்டது. வாள் சத்தம் நின்றது.

“ம், சொல்லு” என்றார் அவர்.

குரல் மாறியிருக்கவில்லை. கோபம் வரும் என்று பார்த்தேன், அழுகை வரும் என்று பார்த்தேன். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஒரு வருடமாகத் தயாராக வைத்திருந்ததைக் கேட்டேன்.

“எப்ப வர்றே மாமா?”

“இப்ப இன்னா லெவல்ல இருக்கே?”

“பத்தொம்போது.”

“அவ்ளோதான், இன்னும் ஒண்ணு. இருவது ஆவட்டும், பேசலாம்.”

“சரி” என்றேன். லைன் துண்டிப்பதற்கு முன்பே அந்தப் பக்கம் வாள் சத்தம் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். அவள் திரையில் ஒட்டியிருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள்.

“இன்னாக்கா சொன்னாரு?”

“இருவதாவது லெவல் வந்தா பேசலாம்னாரு.”

“இப்பத்தான் பேசினாரே?” என்றாள்.

எழுந்து மீதிப் படிகளை ஏறினோம். அந்த ஒரு லெவலை நான் ஏறவில்லை.