மருந்து மெஷின் சார்ஜர்

வில்லியனூர் செல்போன் கடையில் அந்த விவசாயியைப் பார்த்தேன். காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. மகளுடைய டேப்லெட்டின் திரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பயிருக்கு மருந்தடிக்கும் மெஷினின் சார்ஜரை அதில் செருகியிருக்கிறார். உள்ளே மொத்தமும் கருகிவிட்டது.

“ரெண்டும் உருண்ட பின்னு, கரெக்டா போச்சேப்பா,” என்றார் என்னிடம்.

“பின்னு போவும்ணா. வோல்ட்டு ரொம்ப ஜாஸ்தி, அதான் புட்டுக்கிச்சு,” என்றேன் கெத்தாக.

“பொண்ணு வரைஞ்ச படம்லாம் இதுலதான் கீது. திரும்ப வருமா?”

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். விவசாயி கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்த டேப்லெட்டுக்கு உரிய சார்ஜரைக் கேட்டு வாங்கினார்.

“செத்துப்போனதுக்கு இன்னாத்துக்குண்ணா சார்ஜரு?” என்றேன்.

“வெறுங்கையா எப்டிப்பா வூட்டுக்குப் போறது?”

பஸ் ஏறிப் போய்விட்டார். அந்தப் பெண்ணிடம் அதை எப்படி நீட்டியிருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.