கல் ஒதுக்கும் மீரான் நானா

முதலில் செருப்பு முனையால் தட்டிப் பார்ப்பார். சின்னக் கல் என்றால் அப்படியே ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். பெரிய கல் என்றால் "யா அல்லா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு கையாலும் தூக்கிச் சாலையோரச் சாக்கடையில் போடுவார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பத்து எட்டு நடப்பார். அடுத்த கல். அவருக்குப் பின்னால், வண்டி பூட்டாமல், வெறும் கயிற்றோடு அவருடைய மட்டக்குதிரை வரும். விடியற்காலையில் ஈப்போ சாலைகளைச் சுத்தம் பண்ண இந்த மனுஷனுக்கு யார் உத்தரவு போட்டார்கள் என்று நான் பல நாள் எரிச்சல்பட்டிருக்கிறேன்.

எனக்கு அந்த நேரத்தில் எல்லாவற்றின்மேலும் எரிச்சல். இருபது வருஷம் அரிசி மண்டியில் உட்கார்ந்த இடத்திலேயே பேனா பிடித்த கிராணி நான். நீரிழிவு வந்துவிட்டது, தினமும் நடந்தே தீரவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புந்தோங்கில் புறப்பட்டு, ரயில் பாதையைத் தாண்டி, ஸ்டேஷன் வழியாகக் கிந்தா ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவேன். அதே பாதை, அதே நேரம் நாகூர் மீரானுக்கும். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கிராணியாருக்கும் நடை வைத்தியமா? நல்லதுலா. குதிரைக்கும் கிராணிக்கும் ஒரே சீக்குதான். நின்ன எடத்துலயே தின்னா காலு வீங்கிரும்."

சுருக்கென்றது. சிரிப்பும் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து சேர்ந்தே நடந்தோம்.

வயது ஐம்பத்திரண்டு. நாகூர்க்காரர். பினாங்கில் கப்பலிறங்கி, பாகான் செராயில் நெல் மூட்டை ஏற்றி, கடைசியில் ஈப்போவில் குதிரை வண்டிக்காரராக நிலைத்தவர். மோவாயில் மட்டும் தாடி. காதுக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு பீடி செருகியிருக்கும். வெளியில் அவர் அதைப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "புகை அவ கண்ணுக்கு ஆவாது" என்பார். அவள் என்றால் குதிரை. பெயர் மானிஸ். மலாய்க்காரர்கள் இனிப்புக்குச் சொல்லும் வார்த்தை. கரும்புச் சக்கையைக் கண்டால் நடுரோட்டில் நின்றுவிடுவாளாம், அதனால் அந்தப் பெயர்.

மானிஸிடம் அவர் தமிழில் பேசமாட்டார். "அவ டெலிக்காரி, கடலுக்கு அந்தாண்ட சுமத்ராவுல பொறந்தவ. நம்ம பாஷையப் போட்டு எதுக்கு அவள வதைக்கணும்?" ஆகவே எல்லாம் மலாய்தான். இடப்பக்கம் என்றால் கிரி, வலப்பக்கம் கானான், மேடு நாயிக், பள்ளம் தூரூன், நில் என்றால் பெரெந்தி. அதட்டல் கிடையாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குச் சொல்வதுபோல் அடங்கின குரலில் சொல்வார். சாட்டை வண்டியில் உண்டு. அதன் நுனியில் கொசு ஓட்டுவதற்காக வேப்பிலைக் கொத்து ஒன்று கட்டியிருப்பார்.

ஈப்போவில் அன்று வண்டிக்குதிரைகள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். உச்சி வெயிலில் நுரை தள்ள ஓடும், கழுத்துப்பட்டை தேய்த்த புண்ணில் ஈ மொய்க்கும், அந்தப் புண்ணை மறைக்கக் கரியைப் பூசி ஓட்டுவார்கள். மீரான் நானா பட்டைக்குள் இலவம்பஞ்சு தைத்திருந்தார். நண்பகலில் இரண்டு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் வண்டி நகராது. வெள்ளிக்கிழமை ஆற்றில் குளிப்பாட்டு. புல்லறுத்துப் போடும் ராக்காயி வந்தால் கட்டை அவிழ்த்து மோந்து பார்ப்பார். "ஈயச்சுரங்கத் தண்ணி பட்ட புல்லுலா இது. நீ திம்பியா? எடுத்துட்டுப் போ." அவள் வாயில் வந்ததைத் திட்டிக்கொண்டே திருப்பி எடுத்துப் போவாள். மறுநாள் நல்ல புல் வரும்.

வீட்டுக்காரி ஜொஹரா பீவிக்கு இதெல்லாம் வயிற்றெரிச்சல். ஒரு நாள் என்னிடமே கொட்டினார். "எனக்குக் கண்ணு வலிச்சப்ப பச்சத்தண்ணியில கழுவுன்னாரு கிராணியாரே. குதிரைக்கு மட்டும் பன்னீரு வாங்கிட்டு வந்து கழுவுறாரு. இவுரு என்னக் கட்டுனாரா, அதக் கட்டுனாரா?"

அந்தப் பன்னீரை நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும்.

இன்னொரு விநோதமும் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து ஸ்டேஷன். இந்த ஒரு சவாரிதான் போவார். வேறெங்கே எந்தச் சீன முதலாளி கூப்பிட்டாலும், "அங்க போறதில்ல தவுக்கே" என்று தலையைத் திருப்பிக்கொள்வார். திமிர் பிடித்த கிழவன் என்று ஊரில் பேர்.

ஒரு நாள் பனிமூட்டம். பாலத்துக்கு முன்னால் யாரோ போட்டுவிட்டுப் போன மூட்டை ஒன்று நடுச்சாலையில் கிடந்தது. மீரான் நானா என்னோடு பேசிக்கொண்டே வந்ததில் கவனிக்கவில்லை. மானிஸ் நேராக அதில் போய் முட்டி, முன்கால் மடிந்து விழப்பார்த்தாள். குடையை மடக்கி அவள் கண்ணுக்கு நேரே வீசினேன். இமை ஆடவில்லை. கண்ணில் பூ இல்லை, பீளை இல்லை. குளத்துத் தண்ணீர்போல் தெளிவாக இருந்தது. உள்ளே விளக்கு அணைந்திருந்தது.

"எத்தனை நாளா நானா?"

அவர் அவளுடைய முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "நோம்புக்கு முந்தி ஒரு கண்ணு. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள இன்னொண்ணு."

"அடப்பாவி மனுஷா! ஆளை ஏற்றிக்கொண்டு குருட்டுக் குதிரையை ஓட்டுகிறீரே, உமக்கு மனசாட்சி இருக்கிறதா?"

"அதனாலதானே அந்த ஒரு ரோட்ட விட்டு எங்கயும் போறதில்ல! இந்த ரோட்டுல அவளுக்குத் தெரியாத குழி கிடையாது கிராணியாரே. விடிய விடிய நடத்திக் காட்டியிருக்கேன். புதுசா வர்ற கல்லுதான் பயம்." பாலத்துப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "குருடுன்னு தெரிஞ்சா சர்க்காருல சுட்டுருவாங்கலா. ஒங்க வாயால வரக்கூடாது."

வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கல்லெல்லாம் ஏன் ஓரத்துக்குப் போயிற்று என்பது மட்டும் அன்று தெரிந்தது. அதற்குப் பிறகு நானும் இரண்டொரு கல்லைத் தள்ளினேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வண்டி ஆபீசில் குதிரைகளைப் பார்ப்பார்கள். ஆபீசுக்குப் பின்னால் ஒரு மைதானம். குதிரையை அங்கே நாற்பது எட்டு ஓட்டிப்போய்த் திருப்பி ஓட்டிவரவேண்டும். நொண்டல், புண் இல்லையென்றால் லைசென்ஸ். நடை முடிந்ததும் மீரான் நானா மானிஸை அந்த மைதானத்துக்குக் கூட்டிப்போய் தினமும் பழக்கினார். முப்பத்தெட்டாவது எட்டில் தானாகவே திரும்பப் பழகிவிட்டாள். வேலி மறைவில் நின்று வாய் திறக்காமல் பார்ப்பார். "பார்த்தீங்களா, சொல்லாமலே திரும்புறா." அந்த ஒரு மாதம் அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பிறகு நான் பார்க்கவில்லை.

பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாளும் பேய்மழை. மைதானம் முழங்கால் சேறு. சோதனை ஆபீசுக்கு முன்னால் உள்ள தார்ச் சாலையில் நடக்கும் என்று அன்று காலையில்தான் சொன்னார்கள். அந்தச் சாலையில் மானிஸ் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. இருபது எட்டில் சாலை வளைகிறது. வளைவில் ஆள் உயரத்துக்குக் கல் சாக்கடை, கைப்பிடிச் சுவர் கிடையாது. மண்டியிலிருந்து அனுமதி கேட்டு நானும் போயிருந்தேன். மீரான் நானா அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானே ஓட்டுறேன் துவான்" என்றார். இன்ஸ்பெக்டர் துரை ஒப்பவில்லை. சொந்தக்காரன் கையில் விட்டால் நொண்டலை மறைத்துவிடுவான் என்பது அவருடைய அனுபவம். ஆபீஸ் பியூன் அப்பாவு கயிற்றை வாங்கிக்கொண்டு ஓடினான். சாலையின் நடுவில் அவன், சாக்கடைப் பக்கம் அவள். நல்ல ஓட்டம், தலையைத் தூக்கிக்கொண்டு, கால் மாறாமல் ஓடினாள். துரை தலையை ஆட்டிப் பேனாவை எடுத்துவிட்டார்.

வளைவு வந்தது. அப்பாவு திரும்பினான். அவள் கால் கணக்கில் இன்னும் பதினெட்டு எட்டு பாக்கி. நேராகவே போனாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் காலை முறித்துக்கொள்வாள். திறந்தால் குட்டு உடைந்துவிடும். எனக்கு யோசிக்கவே நேரமில்லை. மீரான் நானா யோசிக்கவும் இல்லை.

"பெரெந்தி! மானிஸ், பெரெந்தி!"

அந்த மனுஷர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மானிஸ் நின்றாள். முன்குளம்பு சாக்கடை விளிம்பில் பாதி வெளியே இருந்தது.

துரை கெட்டவர் அல்ல. மெதுவாகப் போய் தொப்பியைக் கழற்றி அவள் கண்ணெதிரே இரண்டு தரம் ஆட்டினார். பிறகு கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். மீரான் நானா கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியே வேண்டாம், சும்மா கட்டிப்போட்டுத் தீனி போடுகிறேன் என்றார். துரை அப்பாவு மூலம் பதில் சொன்னார்: எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள், அடுத்த வாரம் அதே குதிரை ஏதாவது சுரங்கத்தில் ஈயமண் இழுக்கிறது, யாராவது பெரிய மனிதர் பொறுப்பேற்றால் பார்க்கலாம். சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என்மேலும் பட்டது. என் முதலாளியும் அவரும் பழக்கம். விஷயம் மண்டிக்குப் போகும், இவ்வளவு நாள் தெரிந்தே மறைத்தாயா என்ற கேள்வி வரும், வேலை போகும். நான் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மீரான் நானா என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அன்று பிற்பகலே ஊருக்கு வெளியே, கைவிட்ட சுரங்கக் குழிப் பக்கம் கொண்டுபோக உத்தரவு. துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரன் முன்னால் போய்விட்டான். பியூன் அப்பாவுவுக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க வீட்டுக்குப் போங்க நானா. நான் கொண்டு போறேன். நீங்க அதப் பார்க்க வேணாம்லா."

"ஒனக்கு அவ பாஷை தெரியாது தம்பி. வழியில விழுந்துருவா."

கயிற்றை வாங்கிக்கொண்டார். நான் பின்னாலேயே போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவளுக்குப் பழக்கமில்லாத பாதை. அடங்கின அதே குரலில் சொல்லிக்கொண்டே போனார். கானான். தூரூன். நாயிக், நாயிக். ஒரு இடத்தில்கூட அவள் தடுமாறவில்லை. வீடுகள் முடிந்து, வெள்ளை மணல் மேடு தெரிந்தது. மேட்டின்மேல் போலீஸ்காரன் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்தான்.

மீரான் நானா, "பெரெந்தி" என்றார். மானிஸ் நின்றாள். அவர் கயிற்றை அப்பாவுவின் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார். செருப்பு முனையால் எதையோ தட்டிப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மணலில் பாதி புதைந்திருந்த கல்லை இரண்டு கையாலும் அசைத்து அசைத்துப் பெயர்த்து, தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் வைத்தார்.