பூ மூடும் நேரம்

மகன் நச்சரித்ததால் நேற்றுக் காலை கோட்டைக்குப் பின்னால் மனை பார்க்கப் போனேன். தரகர், "தண்ணி நல்லா இருக்குது சார்" என்று சொல்லிக்கொண்டே நடக்க, நான் எல்லைக்கல் அருகே குனிந்துவிட்டேன். விஷ்ணுகிராந்தி. மணலோடு ஒட்டிப் படர்ந்து, மூக்குத்திக் கல் அளவில் நீலப் பூ. நீங்களும் பார்த்திருப்பீர்கள், மிதித்தும் இருப்பீர்கள். பொக்லைன் வந்து வழித்த பிறகும் வேர் எங்கோ அடியில் கிடந்து, மழைக்குத் தழைத்திருக்கிறது. பட்டாவைப் பற்றிக் கேட்க வேண்டியவன், "மணி என்ன தம்பி?" என்று கேட்டேன்.

அந்தப் பூதான் எங்களுக்குக் கடிகாரம். எங்களுக்கு என்றால் எனக்கும் பஷீருக்கும். பிழைப்புக்காக இந்த ஊர்த் தியேட்டரில் டிக்கெட் கிழிக்க வந்தவன் நான். எதிரே பஷீரின் சைக்கிள் கடை. தினமும் எத்தனையோ பேர் என்னைத் தாண்டி உள்ளே போவார்கள், "சாப்டியா?" என்று கேட்க அவன் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமை அவன் கடை லீவு. எனக்கு மேட்னிக்குத்தான் வேலை. காலையிலேயே, இப்போது மனையாகிவிட்ட இந்த மேட்டுக்காட்டுக்கு வந்து, வேர்க்கடலை கொறித்தபடி ஊர்வம்பு பேசுவோம். பள்ளிவாசல் மைக் சத்தம் இங்கே எட்டாது. வெயில் உச்சிக்கு ஏறினால் பூ சுருண்டுவிடும். "மூடிக்கிச்சு, எழுந்திரு" என்று லுங்கியைத் தட்டிக்கொண்டு ஜும்மாவுக்கு இறங்குவான். என் வாட்சை அவன் நம்பியதே இல்லை. அதன் யோக்கியதை அப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை மேகமூட்டம். பூ விரிந்தபடியே இருந்தது; நாங்களும் உட்கார்ந்தே இருந்தோம். அன்று அவன் பேச்சில் சுரத்தில்லை. கடைசியில், "விசா வந்துடுச்சுடா. அடுத்த வாரம் கெளம்புறேன்" என்றான்.

"கடை இன்னா ஆவுறது?" என்றேன். நான் இன்னா ஆவுறது என்றுதான் கேட்க நினைத்தேன்.

இறங்கி வந்தால், தொழுகை முடிந்து ஜனம் கலைந்துகொண்டிருந்தது. "அத்தா தோலை உரிச்சுடுவாரு. போயும் போயும் பூவை நம்பினேன் பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டான். விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று மேட்னிக்கு வந்தவர்கள் முகம் ஒன்றும் எனக்கு நினைவில்லை.

முதலில் மாதா மாதம் போன் வந்தது. பிறகு பெருநாளுக்கு மட்டும். பிறகு ஒருநாள் நான் கூப்பிட்டபோது, எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு பெண் குரல். தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள்.

தரகர் வேறு ஆளுக்கு மனை காட்டப் போய்விட்டார். நான் மணலிலேயே உட்கார்ந்தேன். வெயில் ஏறி, பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருண்டன. மூடிக்கிச்சு, எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.